எண்பதுக்கு வந்துவிட்டுத் தருகிறேன்

ஜனவரி 5, வெள்ளி

எடை 83.8.

எனக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. வெங்காய மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் தராசு பிடித்தவனுக்கு எண் தெரியாமல் முடியுமா? மற்றதெல்லாம் என் சம்சாரம் ராஜாமணி எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். நான் சொல்வதைக் கொஞ்சம் புத்தகத்தில் இருக்கிற மாதிரி நிமிர்த்தி எழுதுவாள். என்ன தின்றேன், எடை என்ன, மனசு எப்படி இருந்தது, மூன்றையும் எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டயட் அம்மா உத்தரவு. இது மூன்றாவது நோட்டு. முதல் இரண்டும் அந்தம்மாவிடம் இருக்கின்றன.

ராஜாமணிக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் கிடக்கிறாள். என் கிட்னி அவளுக்குப் பொருந்துகிறது. ஆனால் தொண்ணூற்றெட்டு கிலோ ஆளை அறுக்க முடியாது, எண்பத்துநாலுக்கு வாருங்கள் என்றார் டாக்டர். ஜூன் மாதம் சொன்னது. இன்றைக்கு வந்துவிட்டேன்.

டயட் அம்மா கை தட்டியது. மெஷினில் கிடந்தவர்கள் தட்ட முடியாமல் சிரித்தார்கள். டாக்டர் என் தோளில் கை வைத்து, "சின்னழகு ஐயா, ஜெயிச்சுட்டீங்க. பேப்பரை அனுமதிக் கமிட்டிக்கு அனுப்பிடலாமா?" என்றார்.

அப்போது என் வாய் சொன்னது: "எண்பதுக்கு வந்துட்டுத் தர்றேனே டாக்டர். இன்னும் லேசா இருந்தா இன்னும் நல்லதுதானே?"

டாக்டர், அவசியமில்லை, ஆனால் கெடுதலும் இல்லை, சீக்கிரம் வாருங்கள் என்றார். எல்லோரும் என்னைப் பெரிய மனுஷனாகப் பார்த்தார்கள். ராஜாமணி மட்டும் என் செருப்பைப் பார்த்தாள்.

காலை இட்லி இரண்டு. மதியம் ஒரு கரண்டி சோறு, புடலங்காய். இரவு கேப்பைக் கூழ். மனசு நன்றாக இருந்தது.

ஜனவரி 6, சனி

"எண்பதுன்னு யார் சொன்னது?" என்று கேட்டாள். நானாகத்தான் வைத்தேன், ஒரு குறி எட்டினால் அடுத்த குறி வைக்கத்தானே வேண்டும் என்றேன். "சரி" என்றாள். இதை எழுத வேண்டாம் என்றேன். நோட்டில் எல்லாம் எழுத வேண்டும் என்பது டயட் அம்மா உத்தரவாம்.

இட்லி இரண்டு.

ஜனவரி 9, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். மெஷினில் போடும் முன் ராஜாமணியை நிறுத்துப் பார்ப்பார்கள். நான் ஏறும் அதே எடை மெஷின்தான். நான் ஏறினால் கொழுப்பு எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார்கள். அவள் ஏறினால் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். அவளுக்கு மூத்திரம் கிடையாது. உள்ளே போன தண்ணீர் உள்ளேயே நிற்கும், மெஷின்தான் உறிஞ்ச வேண்டும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் கணக்கு. மஞ்சள் மூடி போட்ட பாட்டிலில் காலையிலேயே அளந்து வைத்துக்கொள்வாள். காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற வாய் எல்லாம் அதற்குள். நாக்கு வறண்டால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். இன்றைக்கு இரண்டு கிலோ நூறு கூடியிருந்தாள். "பொங்கலுக்கு வெள்ளையடிச்சேன்ல, தாகம் தாங்கலை" என்று சிஸ்டரிடம் சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள்.

வார்டில் பதினோரு கட்டில். கிட்னி கொடுத்தவர்கள், கொடுக்கப்போகிறவர்கள் எல்லாம் பெண்டுகள். பொஞ்சாதி, அம்மா, அக்கா. மும்தாஜ் என்கிற பெண், புருஷனுக்குக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது, அந்தக் கிட்னியும் போய் அவர் மறுபடி மெஷினுக்கு வந்திருக்கிறார். அவள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "புருசன் பொஞ்சாதிக்குக் குடுக்குறதை இந்த வார்டுல இப்பத்தாண்ணே பாக்குறேன். மதினி, நீங்க மகராசி. இந்த மனுசனுக்குச் சுத்திப் போடுங்க."

நான் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் மும்தாஜ், பயப்படாதீங்கண்ணே என்று சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி விலாவுக்குக் கீழே தழும்பைக் காட்டினாள். ஒரு சாண் இருக்கும். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். சர்க்கரை போடாத டீ.

ஜனவரி 12, வெள்ளி

82.9. டயட் அம்மா, இந்த மாதக் கடைசியில் எண்பது வந்துவிடும் என்றது.

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அரைக் கரண்டி.

ஜனவரி 15, திங்கள், பொங்கல்

நான் ஒரு வாய்தான் தின்றேன். அவள் நாக்கில் தொட்டுக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர், "ஏண்ணே, பொங்கலுக்குக்கூடவா பட்டினி? மதினிக்காக இப்படி ஒரு மனுசனா!" என்றார். நான் கரும்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சும்மா உட்கார்ந்திருந்தபோது பழசு ஒன்று ஞாபகம் வந்தது. மனசு எப்படி இருந்தது என்று எழுதச் சொல்லியிருப்பதால் சொல்கிறேன்.

எண்பத்தாறாம் வருஷம், ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. நல்ல மழை. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கிழவி நாலு மூட்டை சின்ன வெங்காயம் கொண்டுவந்திருந்தாள். மூட்டைகளின் எடை எனக்கு இப்போதும் தெரியும்: 47, 46, 47, 49. நான் சொன்னது 45, 44, 45, 47. முதலாளிக்காக எல்லாத் தராசுக்காரனும் செய்கிறதுதான். மூட்டை நிற்கிற தட்டின் விளிம்புக்கு அடியில் கால் பெருவிரலைக் கொடுத்து லேசாக மேலே நெம்பினால் போதும். எல்லா விவசாயியும் முள்ளைத்தான் பார்ப்பான். அந்தக் கிழவி முள்ளைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "காலை எடுத்துட்டு நிறு சாமி" என்றாள். அவ்வளவுதான்.

எடுத்தீங்களா என்று ராஜாமணி கேட்கிறாள். இல்லை. கிழவி வாய் தவறிச் சொல்கிறாள் என்பது மாதிரி அடுத்த மூட்டையைத் தூக்கச் சொன்னேன். இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் இன்றைக்கு நினைத்தேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

83.3. இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. டயட் அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவுதான் சாப்பிட்டீங்களா ஐயா? மறைக்காம சொல்லுங்க, ராத்திரி பரோட்டா எதுவும்?" என்றது. சத்தியமாக இல்லை.

எடை பார்த்ததும் ஒன்றுக்கு ஓடினேன். பனி நாள் இல்லையா. திரும்பி வந்து மறுபடியும் ஓடினேன். ராஜாமணி மெஷினில் கிடந்தபடி சிரிக்கிறாள்: "குடுத்து வச்ச மனுசன். நீங்க போறதைப் பாத்தாலே எனக்குக் குளுகுளுன்னு இருக்கு."

ஜனவரி 26, வெள்ளி

83.5.

இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டோம். முகம் ஒட்டிப்போச்சு என்கிறார்கள். எடை மட்டும் ஏறுகிறது. இன்றைக்கு மூன்று தடவை ஒன்றுக்கு ஓடினேன். டயட் அம்மா பயந்துவிட்டது. சர்க்கரையாக இருக்கலாம், சர்க்கரை இருந்தால் கிட்னி கொடுக்கவே முடியாது, ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றது.

சர்க்கரையாக இருந்தால் கொடுக்க முடியாது என்று சொன்னபோது என் மனசு எப்படி இருந்தது என்பதை எழுத வேண்டாம். ஒன்றும் இல்லை, எழுத வேண்டாம்.

ஊசி போடுகிற பெண், "கண்ணை இவ்வளவு இறுக்கி மூடினா நரம்பு ஓடிடும் தாத்தா" என்றாள். நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிப் பலகையில் ஓடியவன் நான். ஊசி ஒரு மிளகாய்க் காம்பு கனம்கூட இருக்காது.

ஜனவரி 30, செவ்வாய்

சர்க்கரை இல்லை. ராஜாமணி பிள்ளையாருக்குச் சூடம் காட்டினாள்.

ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்கிற அம்மா என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியது. "யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே? விருப்பம் இல்லேன்னா எங்கிட்ட சொன்னாப் போதும். உடம்பு ஒத்துக்கலைன்னு மட்டும்தான் வெளியில சொல்வோம். உங்க வீட்டம்மாவுக்குக்கூடக் காரணம் தெரியாது" என்றது. எல்லோரிடமும் இப்படிக் கேட்பார்களாம்.

என்ன சொன்னீங்க என்கிறாள் ராஜாமணி.

விருப்பம்தான் என்று சொன்னேன். அதுதான் சொன்னேன். எண்பதுக்கு வந்துவிட்டால் மறுநாளே என்றேன். அந்த அறையில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை நனைந்துவிட்டது.

பிப்ரவரி 2, வெள்ளி

82.8. மனசு சரியில்லை. காரணம் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

ராஜாமணியின் இடது கையில், டயாலிசிஸுக்கு ஊசி குத்துவதற்கென்று ஆபரேஷன் செய்து வைத்திருந்த நரம்பு அடைத்துவிட்டது. தொட்டால் எப்போதும் ஒரு துடிப்பு இருக்கும், தேனீ உட்கார்ந்த மாதிரி. காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்க, சத்தம் நின்னுபோச்சு" என்றாள். கழுத்தில் குழாய் போட்டு மெஷினில் கிடத்தினார்கள். கையில் இனி இடம் தேடுவது கஷ்டம், கழுத்துக் குழாயை ரொம்ப நாள் நம்ப முடியாது, சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடம் சொன்னார். "எண்பதெல்லாம் விடுங்க ஐயா. இப்பவே போதும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று சொல்லத்தான் வேண்டுமா? இன்னும் இரண்டு வாரம் டாக்டர் என்றேன். இவ்வளவு பாடுபட்டுவிட்டு அரைகுறையாக விட மனசில்லை என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எழுதுகிறவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் நோட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து எழுதுகிறாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

83.0.

பிப்ரவரி 13, செவ்வாய்

மகள் செல்வராணி திருப்பூரிலிருந்து வந்துவிட்டாள். சின்னதுக்கு மூன்று வயது, அதை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையில் ஒரு பை. அதில் ரத்த குரூப் சீட்டும் ஆதார் கார்டும் இருந்தன.

"அப்பா பட்டினி கெடந்து ஓடாப் போயிட்டாரு. எடை எறங்க மாட்டேங்குது, அவரு என்ன பண்ணுவாரு பாவம். நான் குடுக்குறேன்மா. எனக்கும் அம்மா குரூப்புதான்" என்றாள்.

"உம் புருசங்கிட்டச் சொல்லிட்டியா?"

"அதெல்லாம் சொல்லிக்கலாம்."

"எனக்கு மெஷினே போதும். நீ மொதல்ல ஊருக்குக் கெளம்பு" என்றாள் ராஜாமணி.

"மெஷின் எத்தனை நாளும்மா? கழுத்துல குழாயோட எத்தனை நாளு? அப்பா, நீங்களாவது சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. என் தட்டில் இரண்டு இட்லி இருந்தது, அதைப் பிட்டுக்கொண்டிருந்தேன். செல்வராணி என் கையைப் பிடித்து, "நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்கப்பா. உங்களால முடிஞ்சதை நீங்க செஞ்சுட்டீங்க" என்றாள். அப்போதும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு டெஸ்ட் எடுக்க டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.

பேனா நின்றுவிட்டது. ஏன் எழுதவில்லை என்றேன். எழுதியாச்சு, மேலே சொல்லுங்க என்கிறாள். மேலே ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 14, புதன்

செல்வராணி போனில் பிள்ளையிடம், "அம்மா ஆத்தா வீட்ல இருக்கேன், சமத்தா இரு" என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய்த் தெருமுனை வரை நடந்தேன். சாப்பிடவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

சாப்பிடவில்லை. எண்ணை வேண்டுமென்றே ஏற்றுகிறவனுக்குச் சாப்பாடு எதற்கு? இந்த வரியை அடித்துவிடு என்றேன். அடித்தேன் என்றாள். அடித்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 16, வெள்ளி

சாயங்காலம் ஐந்து மணி. அவள் மெஷினிலிருந்து வந்து படுத்து எழுந்திருக்கிறாள். இன்றைக்கு எழுத வேண்டாம், ஓய்வெடு என்றேன். இன்றைக்குத்தான் எழுத வேண்டும் என்கிறாள்.

நடந்தது இது.

ஒன்பது மணிக்கு எனக்கு எடை. எட்டே முக்காலுக்கு, கேன்டீன் பக்கம் போய் வருகிறேன் என்று எழுந்தேன். கேன்டீன் போகிற வழியில், மருந்துக்கடைக்குப் பின்னால் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அங்கேதான் போவேன். ஒரு லிட்டர் பாட்டிலை இரண்டு தடவை நிரப்பிக் குடிப்பேன், சில நாள் மூன்றாவதையும் தொடங்குவேன். வயிறு பானை மாதிரி குலுங்கும். வாந்தி வரும், வாயை மூடிக்கொண்டு வந்து ஏறுவேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மண்டியில் காலைக் கொடுத்துக் குறைத்துக் காட்டினேன், இங்கே தண்ணீரைக் கொடுத்துக் கூட்டிக் காட்டினேன்.

இன்றைக்கு மருந்துக்கடையைத் திரும்பினால் குழாயடியில் ராஜாமணி நிற்கிறாள். கழுத்தில் கட்டு. கையில் பாட்டில் நிறையத் தண்ணீர். வெளிப்பக்கமெல்லாம் சொட்டுச் சொட்டாக வழிகிறது. அதை என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க. நேரமாச்சுல்ல."

எனக்குக் கை வரவில்லை.

"தண்ணி எடை எனக்குத் தெரியாதாங்க? வாரத்துக்கு ரெண்டு தரம் அந்தத் தட்டுல ஏறுறவ நானு. ஒரு தம்ளர் கூடக் குடிச்சா எவ்வளவு காட்டும், ரெண்டு தம்ளருக்கு எவ்வளவு காட்டும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். எங்கிட்டப் போய்த் தண்ணியில வெளையாடுறீங்களே."

"எப்பத் தெரியும்?" என்றேன். அதைத்தான் கேட்டேன். வெட்கம் கெட்டவன் முதலில் கேட்கிற கேள்வி அதுதான் போல.

"நான் எங்க கண்டுபுடிச்சேன்? நீங்கதானே சொன்னீங்க. எடை பாத்ததும் ஓடினேன், மூணு தரம் ஓடினேன்னு வாரா வாரம் சொன்னீங்க. நான் எழுதினேன்."

எழுத்துத் தெரிந்தவனாக இருந்தால் நோட்டை ஒரு தடவையாவது திருப்பிப் படித்து உஷாராகியிருப்பேன். வாயில் வந்ததைச் சொன்னேன், மறந்தேன். அவளிடம் எல்லாம் வரிசையாக இருந்திருக்கிறது.

"குடுக்க இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. இவ்வளவு தண்ணியைக் குடிச்சுட்டு நிக்காதீங்க, எனக்குப் பாக்க முடியலை" என்றாள். "கோவம்லாம் இல்லை. ஆனா எம் பிள்ளையோட கிட்னி எனக்கு வேணாம். அதை மட்டும் அவகிட்ட நீங்க சொல்லிடுங்க."

"இஷ்டமில்லாம இல்லை புள்ள" என்றேன். "பயமா இருக்கு."

முப்பத்தாறு வருஷத்தில் அவளிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்னதும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தழும்பைப் பார்த்த நாளிலிருந்து இல்லை, ஜூன் மாதத்திலிருந்தே பயம். தொண்ணூற்றெட்டு இருந்தபோது எண்பத்துநாலு தூரத்தில் இருந்தது, அதனால் தைரியமாக ஓடினேன். கிட்டே வந்ததும் எல்லைக் கல்லைத் தூக்கித் தள்ளிப் போட்டேன். மயக்க ஊசி போட்டால் திரும்பக் கண் விழிப்பேனா என்று பயம். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மூடினால் அந்த இடம் என்ன ஆகும் என்று பயம். கதவைச் சாத்திக்கொண்டு அந்தம்மா கேட்டபோது சொல்லியிருக்கலாம். சொன்னால் பயந்தவன் ஆகிவிடுவேன், சொல்லாவிட்டால் மகராசன். மகராசனாகவே இருந்துகொண்டு தப்பிக்கப் பார்த்தேன். சர்க்கரையாக இருக்கலாம் என்றபோது சந்தோஷப்பட்டேன். ஜனவரி 26 அன்றைக்கு எழுத வேண்டாம் என்றது இதைத்தான்.

இதெல்லாம் டயட் அம்மா படிக்குமே என்றேன். படிக்கட்டும் என்கிறாள்.

ஒன்பது மணிக்குத் தட்டில் ஏறினேன். செருப்பைக் கழற்றினேன், பெல்ட்டைக் கழற்றினேன். 79.6. டயட் அம்மா மெஷினைத் தட்டிப் பார்த்தது, இறங்கி மறுபடி ஏறச் சொன்னது. 79.6. இந்தத் தடவையும் கை தட்டினார்கள். மும்தாஜ் விசிலே அடித்துவிட்டாள். ஒரு மாதமாகத் திருடினது போக மிச்சம் இருந்த எடைக்குக் கை தட்டினார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

செல்வராணி டெஸ்ட்டுக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கையை எறக்கு தாயி, அப்பா எண்பதுக்கு வந்து ரொம்ப நாளாச்சு" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு முழுசும் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17, சனி

செல்வராணி பஸ் ஏறும் முன் முழுசும் சொன்னேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். பஸ் நகரும்போது, "ஆபரேஷனுக்கு முந்தின நாள் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அப்பா என்று கூப்பிடவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

கமிட்டிப் பேப்பர் ஆறு பக்கம். ராஜாமணி மெஷினில் கிடந்தபடியே எனக்கு முழுசும் படித்துக் காட்டினாள். ஆறு பக்கத்திலும் கைநாட்டு வைத்தேன். இரண்டாவது பக்கத்தில் மை இழுத்துக்கொண்டது. புதுப் பக்கம் கொடுத்தார்கள். பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதாதே என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

79.8. டாக்டர் மார்ச் பதினோராம் தேதி என்றார்.

போன சனிக்கிழமையிலிருந்து நான் ஒரு புதுக் குறி வைத்திருந்தேன். ராஜாமணி மாதிரியே முக்கால் லிட்டர். அவளுடைய மஞ்சள் மூடி பாட்டில் பக்கத்தில் இன்னொரு பாட்டில். அவள் குடிக்கிற அளவுதான் நானும். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாளே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் அவளுடைய ஐஸ் துண்டுக்கு ஏங்கினேன். ஒன்றரை வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு முன்னால் நான் சொம்பு சொம்பாகக் குடித்ததும் தெரிந்தது.

டயட் அம்மா இன்றைக்கு மூத்திர டெஸ்ட் பார்த்துவிட்டுக் கத்தியது. "கிட்னி குடுக்கப் போறவர் தண்ணி குடிக்காம இருந்தா என்ன அர்த்தம்? அதைக் காய வச்சா குடுக்கப் போறீங்க? ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் குடிக்கணும். குறைஞ்சா ஆபரேஷன் தள்ளிப் போகும்."

தள்ளிப் போகும் என்றதும் என் மனசு ஒரு குதி குதித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். குதித்தது, எழுது.

வீட்டுக்கு வந்ததும் ராஜாமணி என் முக்கால் லிட்டர் பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். பானையிலிருந்து பெரிய சொம்பில் தண்ணீர் மொண்டு என் முன்னால் வைத்து, எதிரே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"குடிங்க."

"நீ அந்தப் பக்கம் போ புள்ள. எனக்கு வெக்கமா இருக்கு."

"இருக்கட்டும். குடிங்க, நான் பாக்கணும்."

குடித்தேன். முழுச் சொம்பும். அவள் கண்ணை எடுக்கவில்லை. என் தொண்டை ஒவ்வொரு தடவை இறங்கியபோதும், கழுத்துக் கட்டுக்குள் அவள் தொண்டையும் இறங்கியது.

இதை எழுத வேண்டாம் என்றேன். எழுதுகிறாள்.